திரையைத் தாண்டி வந்த ரெகே

திரையக்கா வீட்டில் தினமும் சண்டை என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தெறித்து வரும் அவள் குரலைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம், "டீ ஆறுது!" என்பதாக இருக்கும். இல்லையென்றால், "பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க!"

அவள் கணவருக்குக் காது மந்தம். பிறவியில் வந்த குறை இல்லை. தகர டப்பாக்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர் அவர். தகட்டின் மேல் இரும்பு இறங்கும், மூடி விழும், மறுபடியும் இறங்கும். வாலிபம் முழுவதும் அந்த இடிக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது. முதலில் குருவிகள் போயின. பிறகு வாசல் மணி. கடைசியாக, மனைவியின் பேச்சு. சத்தம் வருவது தெரியும், சொல் தெரியாது. காது மிஷின் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தார். தட்டுகளை யாரோ தலைக்குள் போட்டு உடைப்பது போலிருக்கிறது என்று கழற்றி வைத்தவர்தான். அது ஊக்குகளோடு ஊக்காக மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

மனிதர்கள் கேள்வி கேட்டால் தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சத்தில் அவர் மெல்ல மெல்ல மனிதர்களையே விட்டுவிட்டார். மனைவி தைக்கும் திரைகளுக்கு இஸ்திரி போடுவதுதான் இப்போது அவர் உலகம். முன்னறையில் ஒரு நீள மேஜை, ஜன்னலோரம் அவள் தையல் மிஷின், எதிர்ச்சுவரை ஒட்டி அவருடைய இஸ்திரி மேஜை. மருத்துவமனை, விடுதி, அலுவலகம் என்று ஊரின் பாதி ஜன்னல்களுக்கு அந்த அறையிலிருந்துதான் திரை போகிறது. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

கத்தினால் சில சொற்கள் அவருக்குப் போய்ச் சேரும். டீ, சாவி, கரண்ட் பில் எல்லாம் கத்தலாம். ஆனால், "தலை வலிக்குது, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்பதைக் கத்திச் சொல்ல முடியுமா? "நேத்து கனவுல நீங்க வந்தீங்க" என்பதை? சொன்னால் அடுத்த தெருப் பால்காரருக்கும் தெரிந்துவிடும். கத்த முடியாததையெல்லாம் அவள் சொல்லாமலே விட்டாள். விட்டு விட்டு, அவர்களுக்குள் மிஞ்சியது டீயும் சாவியும்தான். அந்தத் துக்கத்தைக்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை. துணியை மடித்து, ஊசியைக் குத்தி, மிதியை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

இப்படி இருந்த வீட்டின் மாடிக்குத்தான் பல்லுக்காரி குடிவந்தாள்.

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. தனி ஆள், முப்பதைத் தாண்டியவள், யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் அது ஆரம்பிக்கும். பாட்டின் அடியில் கனமாக ஒரு பாஸ் கிதார் நடைபோடும். அதன் மேல் இன்னொரு கிதார், 'சக்... சக்' என்று வெட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் 'சக்'தான் திரையக்காவின் உயிரை எடுத்தது. அவள் கால் மிதியில் எப்போது அழுந்துமோ அப்போது அது வராது. கால் எழும்போது வரும். பாட்டு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இழுத்ததில், ஒரு விடுதிக்குத் தைத்த திரையின் மடிப்பு முழுக்க அலை அலையாகப் போய்விட்டது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் அலை.

மாடிப்படியில் வைத்துப் பிடித்தாள்.

"என்ன பாட்டும்மா அது? நாலு நாளா ஒரே பாட்டு ஓடுது. எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"ஒரே பாட்டு இல்லக்கா, எல்லாம் வேற வேற. ரெகேன்னு பேரு. ஜமைக்கான்னு ஒரு தீவுலேர்ந்து வந்தது."

"அங்கேயே இருந்திருக்கலாமே."

பல்லுக்காரி சிரித்துவிட்டாள். "நாள் பூரா காதுக்குள்ள டிரில்லு கீச்சு கீச்சுன்னு கத்துதுக்கா. வீட்டுக்கு வந்து இதைக் கேட்டாத்தான் தலை கீழ எறங்குது. சவுண்டை வேணா கொறைக்கிறேன்."

"கொறைக்கவெல்லாம் வேணாம். நிறுத்திட்டாப் போதும்."

சவுண்டு கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. திரையக்காவுக்கு ரோஷம் பொங்கியது. ஊருக்கே திரை தைப்பவள் ஒரு சத்தத்துக்குத் திரை போட முடியாதா? நாடக அரங்கு ஒன்றுக்குத் தைத்ததில் மிஞ்சிய கனத்த வெல்வெட் இருந்தது. உள்ளே கம்பளித் துணி கொடுத்து, அதற்கும் உள்ளே இன்னொரு லைனிங் வைத்து, மூன்று அடுக்காகத் தைத்தாள். ஜன்னல்களுக்கு மாட்டினாள். மாடிப்படிக்குத் திறக்கும் கதவுக்கு மாட்டினாள். கணவர் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் மிஷினில் உட்கார்ந்து காதைத் தீட்டினாள். 'சக்' காணாமல் போயிருந்தது. பாடுகிறவன் போய்விட்டான். தாளத்தின் கிலுகிலுப்பும் போய்விட்டது. ஆனால் அந்தக் கனத்த நடை மட்டும் போகவில்லை. வெல்வெட்டைப் பற்றியும் கம்பளியைப் பற்றியும் அதற்குக் கவலையே இல்லை. சுவர் வழியாகவும் தரை வழியாகவும் இறங்கி வந்து மேஜைக் காலில் நின்றது. தும்... தும் தும்... தும்.

தைத்ததெல்லாம் வீணாகிப்போன ஆத்திரத்தில் திரையக்கா நேராகப் பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டு ஓனரிடம் போனாள். அவள் எங்கே பேசினாலும் கத்தித்தான் பேசுவாள், பழக்கம் அப்படி.

"ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்! முடிவு பண்ணிக்குங்க!"

"கத்தாதீங்கம்மா, எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார் ஓனர். "எனக்கும் அந்தப் பாட்டுக்காரன் குரல் நடுவீட்டுல வந்து நிக்குது. என் மச்சினனும் வீடு கேட்டுக்கிட்டிருக்கான். மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிடறேன்."

மறுநாள் மாடியில் சத்தமே இல்லை. வாழ்வில் ஜெயித்த பெண்ணின் கம்பீரத்தோடு திரையக்கா மிதியை மிதித்தாள். மடிப்பு கோடு போட்டது போல விழுந்தது.

அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி நின்றது. கணவர் அதை ஓரமாக நிறுத்திவிட்டு, மேஜைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, பல வருஷமாகத் தானாக எதையும் கேட்காத மனிதர், கேட்டார்:

"ஏன் நின்னுபோச்சு?"

"எது?"

"மேல ஓடிக்கிட்டிருந்துச்சே, அது."

திரையக்காவின் கால் மிதியில் அப்படியே உறைந்தது. எழுந்து அவர் காதருகே போய்க் கத்தினாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சோ என்னவோ. கைக்கு வரும். கால்ல ஏறும். வயித்துல போய் உக்காரும்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நல்லா இருந்துச்சு. பிரஸ்ல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே நிப்பேன். ஒண்ணுல இடி விழும். எப்பவும் ஒண்ணுல. வேலையை விட்டும் உடம்பு அதை விடல. தூக்கத்துலகூட ஒண்ணு வந்தா தோள் இறுகும். இந்தப் பாட்டுல ஒண்ணு வருது, நானும் இறுக்கிக்கிட்டு நிக்கிறேன், அடி விழவே மாட்டேங்குது. அந்த எடம் காலியா இருக்கு. மூணுலதான் மெதுவா விழுது. அடி விழாம போறது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

 திரையக்கா, தான் மாட்டிய வெல்வெட்டைப் பார்த்தாள். சொல் போய், கிதார் போய், கிலுகிலுப்பு போய், கனத்த நடை மட்டும் மிஞ்சிய அந்தச் சாயங்காலத்தை நினைத்தாள். இத்தனை வருஷமாக அவருக்கு உலகம் இப்படித்தானா வந்துகொண்டிருந்தது? அவள் கத்திய கத்தலெல்லாம் அந்தத் திரையில் முட்டி முட்டி விழுந்ததா? தாண்டி வந்தது இந்த ஒன்றுதான். அதையும் அவள் தன் வாயாலேயே வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறாள்!

 இருந்தாலும் ரோஷம் ரோஷம்தானே. வெறுங்கையோடு மாடிக்குப் போக மனம் வரவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

பல்லுக்காரி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"ஜன்னலுக்கு அளவெடுக்கலாம்னு வந்தேன்."

"காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்குக்கா திரை?"

"சும்மா... தைச்சுக் குடுக்கலாம்னு."

"நல்லாத் தைக்கிறீங்க. ஓனர்கிட்ட போய் எனக்கு மாசக் கடைசின்னு ஒரு கெடு தைச்சுக் குடுத்தீங்களே, அதுகூட நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தக் குத்தலைத் திரையக்கா வாங்கிக்கொண்டாள். நாடாவை ஜன்னலில் வைத்தாள். நாடா நழுவிச் சுருண்டு விழுந்தது. அதோடு அவளும் ஒரு பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"இவருக்குக் கேக்குதும்மா. உன் பாட்டு மட்டும் கேக்குதும்மா."

முழுக்கதையையும் கேட்டு முடித்த பல்லுக்காரி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் அழுகையை நிறுத்திட்டு வாங்க, மூக்கு ஒழுகுது."

அவர் வர மாட்டேன் என்றார். கூச்சம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள். பல்லுக்காரி அவர் கையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியின் பக்கப் பலகையில் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைத் திரையக்கா கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். இனிமேல் பார்க்க மாட்டோம் என்று எப்போதோ முடிவும் கட்டியிருந்தாள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் மாடிதான். எல்லாம் ஒரே பாட்டு என்று சண்டைக்குப் போனவளுக்கு, ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. ஸ்கா என்று ஒன்று. ரெகே பிறக்கும் முன்னாலேயே அந்தத் தீவில் இருந்ததாம். பஸ் கிளம்பிவிட்டது, பின்னாலேயே ஓடுகிறோம், அப்படி ஒரு வேகம். நேர்த்தையல் நீளமாகப் போட வேண்டிய நாளில் அதைப் போடச் சொல்வாள். அதன் பிறகு வந்த ராக்ஸ்டெடி, பஸ் போனால் போகட்டும், நடந்தே போவோம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்ட மாதிரி. ரூட்ஸ் என்றால் கனம். பிரார்த்தனையும் முறையீடும் கலந்து, பட்ட கஷ்டத்தையெல்லாம் மேலே இருப்பவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லும். டான்ஸ்ஹால் வந்தால் திரையக்கா காதைப் பொத்துவாள்.

"மூச்சு விடாமப் பேசறானே, யாரும்மா இவன்? ஏலம் போடறானா?"

"நீங்க பேசறதை விடவாக்கா?"

அவருக்குப் பிடித்தது டப். பாடியவரின் குரலைப் பாட்டிலிருந்து உருவிவிடுகிறார்கள். எப்போதாவது ஒரு சொல் எட்டிப் பார்த்து, எதிரொலித்து, தேய்ந்து போகும். மற்றபடி முழுக்கப் பாஸும் டிரம்முமாக, விருந்தாளிகள் போன பிறகு வீடு இருக்கிற மாதிரி விசாலமாக இருக்கும். "இதுல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல" என்றார் அவர். "பதில் தெரியலேன்னு முழிக்க வேணாம்."

திரையக்காவுக்குப் பிடித்ததை அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. லவ்வர்ஸ் ராக். கடல் கடந்து வேறு நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள் உண்டாக்கியதாம், முழுக்கக் காதல். "ச்சீ, இந்த வயசுல" என்றாள். மறுநாள், "நேத்து ஒண்ணு போட்டியே, அந்தப் பொண்ணு கெஞ்சிக் கெஞ்சிப் பாடுவாளே" என்றாள். கீழே வந்து வெல்வெட்டை ஒதுக்கிவிட்டு மிஷினில் உட்கார்ந்தால், அவள் காலும் பாடம் கற்றுக்கொண்டிருந்தது. 'சக்' வரும்போது எழும்பி, அது போனபின் அழுந்தும். மடிப்பு கோணவில்லை.

ஆனால் மாசக் கடைசி நெருங்கிக்கொண்டே இருந்தது. திரையக்கா ஓனரிடம் போய்ச் சொன்னதைத் திரும்பப் பெறப் பார்த்தாள். ஓனர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அவளா நானான்னு நீங்கதானே வந்து கத்துனீங்க? இப்ப அவளும் வேணும் நானும் வேணும்னா எப்படி? மச்சினன்கிட்ட சொல்லியாச்சு."

"நான் தெரியாமச் சொல்லிட்டேங்க! நல்ல பொண்ணுங்க அவ!"

"கத்தாதீங்கம்மா!" கதவு சாத்தப்பட்டது. மறுபடியும் போனாள். மறுபடியும் கத்தினாள். மறுபடியும் சாத்தப்பட்டது.

வண்டி வருகிற நாளும் வந்தது. மாடியில் கட்டிலைக் கழற்றிவிட்டார்கள். ஸ்பீக்கரைப் போர்வையில் சுற்றியாயிற்று. வாசலில் சின்ன லாரி. படிக்கட்டின் கீழே திரையக்காவின் கணவர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவரிடம் இதுவரை யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அவ போறா!" என்று கத்தினாள். "என்னாலதான் போறா! நான்தான் துரத்திட்டேன்!"

அவர் விழித்தார். அவள் இன்னும் கத்தினாள். தொண்டை கிழிந்து குரல் கீச்சிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்த பல்லுக்காரி அப்படியே நின்றாள். "அக்கா, நிறுத்துங்க. கத்தக் கத்த உங்க குரல் மேல போகுது. டிரில்லு மாதிரி. மாமாவுக்கு அந்த மேல் சத்தம்தானே போயிடுச்சு? கீழ எறங்கி வாங்க. பாஸ் மாதிரி. பக்கத்துல போய், மெதுவா, நிறுத்தி நிறுத்தி."

"மெதுவாச் சொன்னா எப்படிம்மா கேக்கும்?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

திரையக்கா மூச்சை இழுத்துவிட்டாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோடு வாயை வைத்து, நெஞ்சுக்குழியிலிருந்து, தன் குரல்தானா என்று தனக்கே தெரியாத ஒரு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"என் மேல... கோவமா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். 

"இல்ல" என்றார். "கோவம் இல்ல. ஏன் கேக்கற?"

படிக்கட்டில் நின்ற பல்லுக்காரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரிக்காரர் வாட்சைப் பார்த்தார். திரையக்கா கணவரின் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, ஒன்று விடாமல். இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் விட்டுப்போனது. அவர் "என்ன?" என்றபோது பொறுமையாக மறுபடி சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "வா" என்று பக்கத்து வீட்டை நோக்கி நடந்தார். யாருடைய வீட்டு வாசலையும் பல வருஷமாக மிதிக்காத மனிதர்!

ஓனர் கதவைத் திறந்ததும் முகம் சுளித்தார். அடுத்த கத்தலுக்குத் தயாராகிவிட்டார் போல.

"ஐயா" என்றார் திரையக்காவின் கணவர். "அந்தப் பொண்ணு இருக்கட்டும். எனக்குக் கேக்கறது அவ பாட்டு ஒண்ணுதான்."

"அது சரிங்க, மச்சினனுக்கு நான் என்ன பதில் சொல்றது? அந்தப் பாட்டுக்காரன் குரல் என் நடுவீட்டுக்கு வருதே, அதுக்கு என்ன வழி?"

திரையக்காவின் கணவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் எட்டி அவர் தோளைப் பிடித்து, ஓனர் கேட்டதைக் காதோடு சொன்னாள். தாழ்ந்த குரலில், சாவகாசமாக. ஓனர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லையே. தினம் அடிதடின்னுல்ல நெனச்சேன்? என் சம்சாரம்கூட அந்த மனுஷன் பாவம்னு புலம்புவா."

திரையக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "டீ குடிக்கக் கூப்பிட்டேங்க" என்றாள், அதே தாழ்ந்த குரலில்.

கணவர் குறுக்கிட்டார். "குரல்தானே உங்களுக்குத் தொந்தரவு? எங்க வீட்டுல வெல்வெட் திரை இருக்கு. மூணு அடுக்கு. அதைக் கழட்டி மாடி ஜன்னல்ல மாட்டிடறோம். பாடறவன் உங்க பக்கம் வர மாட்டான். அதைத் தாண்டி வர்றது தரை வழியா எனக்கு வந்துடும். எனக்கு அது போதும்."

ஓனர் தாடையைச் சொறிந்தார். மச்சினனைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். உள்ளே திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "என் தம்பி பண்ற கூத்துக்கு அந்தப் பொண்ணு பாட்டே மேல்! சரின்னு சொல்லித் தொலைங்களேன்!"

"பார்த்தீங்களா?" என்றார் ஓனர். "இங்க கத்தறதுக்கு ஆள் இருக்கு. சரி, சரி. திரையை முதல்ல மாட்டுங்க."

லாரிக்காரர் திட்டிக்கொண்டே கட்டிலை மறுபடியும் மேலே ஏற்றினார். பல்லுக்காரி படியில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். அப்போதும் ஒரு கண், திரை மாட்டுவதைப் பார்க்க வந்து நின்ற ஓனரின் வாயிலேயே இருந்தது. "உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்லைங்க. செஞ்சு தரேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் கனத்த வெல்வெட் மாடியில் தொங்கியது. கீழே ஜன்னல்கள் பழையபடி திறந்திருந்தன. மாடியில் பாட்டு ஆரம்பித்தது. லவ்வர்ஸ் ராக்தான், அவளுக்காக. பாடுகிற பெண் வெல்வெட்டோடு நின்றுவிட்டாள். பாஸ் மட்டும் மெதுவாக இறங்கி வந்து மேஜைக் காலில் நின்றது. இஸ்திரி மேஜையில் ஒரு கையை வைத்தபடி அவர் நின்றார். ஒண்ணு வந்தது. தோள் இறுகவில்லை.

திரையக்கா மிஷினைவிட்டு எழுந்து வந்தாள். அவர் காதருகே குனிந்தாள். சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பழக்கத்துக்கே போனாள்.

"டீ... ஆறுது" என்றாள், நெஞ்சுக்குழியிலிருந்து.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "அது ஆறட்டும்" என்றார். "நீ வேற ஏதோ சொல்ல வந்தே. அதைச் சொல்லு. கேக்குது."